கஸ்தோன் கைக்குள் மடக்கிய சீட்டு

காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்த கஸ்தோன், கான் ஹொய் துறைமுக மின்பட்டறையில் கேபிள் சோதிப்பவர். பூமிக்கடியில் எங்கே பழுது என்று மண்ணைத் தொடாமலே சொல்வார். பழுதான கம்பியையும் நல்ல கம்பியையும் மறுமுனையில் சேர்த்து, வீட்ஸ்டன் பாலம் என்ற தடை அளக்கும் பெட்டியில் கோப்பார். அதன் பித்தளைச் செருகிகளைப் பிடுங்கியும் போட்டும் தடையைக் கூட்டிக் குறைப்பார். முள் பூஜ்யத்தில் நின்றதும் கணக்குப் போட்டு, இத்தனை மீட்டர் என்பார். தோண்டினால் அங்கேதான் இருக்கும்.

1958இல் ஒரே ஒரு தடவை குறி தப்பியது. "செருகியெல்லாம் இறுக்கிட்டேன் அண்ணே, நீங்க முள்ளைப் பாருங்க" என்றான் கூட வேலை பார்த்த லூயி, புதுச்சேரிக்காரன். அந்நிய ஊரில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் போதும், நம் ஆட்களுக்குச் சரிபார்க்கவே தோன்றாதே! பாவி, ஒன்றை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருந்தான்; அளவே மாறிப்போனது. சாலையை வெட்டினார்கள், பழுது அங்கே இல்லை. வியட்நாமியத் தொழிலாளிகள் கைதட்டிச் சிரித்தார்கள். பிரெஞ்சுக்கார மேலாளர் கஸ்தோனை மோட்டார் துடைக்க அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் லூயியை உட்கார வைத்தார். பெட்டியை மூடப் போனபோதுதான் தளர்ந்த செருகி கஸ்தோன் விரலில் ஆடியது. சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்று வருஷம் வயிறெரிந்தார்.

1961 மழையில், பாரந்தூக்கிக்குப் போகும் கேபிள் செத்தது. கப்பல் காத்துக் கிடந்தது. லூயி சொன்ன இரண்டு இடத்திலும் வெட்டிப் பார்த்தார்கள், வெறும் சேறு. வேறு வழியில்லாமல் மேலாளர் கஸ்தோனைக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை ஒவ்வொரு செருகியையும் தானே திருகி இறுக்கினார். முள் ஆடி அடங்கியது. கணக்கை எழுதி, சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"எவ்வளவு?" என்றார் மேலாளர்.

"முதல்ல லூயி பேசட்டும் மெஸ்யே. அவன் பேசாம இந்தக் கை திறக்காது."

மேலாளர் லூயியை முறைத்தார். லூயி கஸ்தோன் பக்கம் நெருங்கி வந்தான். "அண்ணே, அன்னிக்கு நான்தான் தளர்த்துனேன். மன்னிச்சிடுங்க" என்று தமிழில் முணுமுணுத்தான்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத் தெரியாதா? அன்னிக்குச் சிரிச்சாங்க பாரு, அவங்க பாஷையில சொல்லு. அப்புறம் மெஸ்யேகிட்ட பிரெஞ்சில சொல்லு."

மழையில் நின்று இரண்டு மொழியிலும் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் கஸ்தோனுக்கு இனித்தது. கையைத் திறந்தார். நூற்றுப் பதிமூன்று மீட்டர். தோண்டினார்கள், கேபிள் அங்கேதான் நைந்து கிடந்தது.

மேலாளர் கஸ்தோனுக்குப் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்து, லூயியை அப்போதே துரத்தப் போனார். கஸ்தோன் குறுக்கே வந்தார்.

"வேண்டாம் மெஸ்யே. எனக்குக் கீழேயே இருக்கட்டும்."

என்ன பெரிய மனசு என்று பட்டறையே வியந்தது. லூயி மட்டும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"அண்ணே, என்னைப் போகச் சொல்லிடுங்கண்ணே!"

கஸ்தோன் ஓய்வுபெற இன்னும் பதினோரு வருஷம் இருந்தது.