திமிங்கிலத்தின் கீழே தூங்கியவர்

என் கை சும்மா இருக்காது. ஒரு குழந்தை கோடு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பொறுமை எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. “குடு இப்படி” என்று பென்சிலைப் பிடுங்கிவிடுவேன். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்த காலம் முழுக்க இந்தப் பிடுங்கல்தான். சொல்லிக்கொடுப்பது என்றால் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் கௌரவமான பெயர்கூட உண்டு. ‘டச் பண்ணுவது’ என்போம். இன்ஸ்பெக்ஷன் வருகிறது, ஆண்டு விழா வருகிறது என்றால் பிள்ளைகளின் படங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு சாயங்காலம் உட்கார்ந்துவிடுவோம். கோணல் மூக்கை நிமிர்த்துவோம். மாட்டுக்கு விட்டுப்போன காலைப் போடுவோம். வானத்துக்கு ஒரு நீலத்தை இழுத்துவிடுவோம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பள்ளிக்கூடங்களிலும் இதே கூத்துதான். கண்காட்சிக்குப் போனால் எது எந்த மாஸ்டரின் கை என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். பிள்ளையின் பெயர் மட்டும் கீழே இருக்கும். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. ஒரு படி மேலே போய் நான் பிள்ளைகளை ஒப்பிக்கவும் வைத்தேன். “யார் வரைஞ்சதுன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்லணும்?” என்பேன். “நானே வரைஞ்சேன் சார்” என்று மொத்த வகுப்பும் கத்தும். என்ன வெட்கக்கேடு!

எழுபதுகளின் ஆரம்பத்தில் மியூசியத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பள்ளிகள் அனுப்புகிற படங்களைப் பார்த்துப் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைதோறும் அங்கேயே இலவசமாக ஓவிய வகுப்பு. சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கடிதம் வந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர்ஸ் ரூமில் அதை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, யாராவது என்னவென்று கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எலக்ட்ரிக் டிரெயினில் எழும்பூருக்குக் கூட்டிப்போனேன். செத்த மிருகங்களை வைத்திருப்பதால் மியூசியத்துக்கு ஊரில் செத்த காலேஜ் என்று பெயர். ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு டிராயிங் ஷீட். பிடித்ததை வரையுங்கள் என்று விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒரு தையல்காரரின் மகள் இருந்தாள். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒற்றை மிஷின் போட்ட கடை அவருடையது. அதிகம் வாய் திறக்காத பெண். பென்சிலைக் காகிதம் பள்ளம் விழுகிற அளவுக்கு அழுத்துவாள். அதற்காக என்னிடம் திட்டு வாங்காத நாளே கிடையாது.

அவள் நேராகத் திமிங்கில எலும்பு தொங்குகிற கூடத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் படத்தை வாங்கிப் பார்த்தேன். விலா எலும்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, எண்ணி எண்ணிப் போட்டது போல நெருக்கமாக இருந்தன. தாடை ஆவென்று திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு ஸ்டூலில் மியூசியத்து வாட்ச்மேன் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பி மடியில். செருப்பு கழற்றிவிட்டபடி ஸ்டூலுக்குக் கீழே. அவர் வாயும் ஆவென்று திறந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷமே எரிச்சல்பட்டேன். மியூசியத்துக்காரர்களுக்கே அனுப்புகிற படத்தில் அவர்கள் ஆள் தூங்குவதா? இந்தப் பெண்ணுக்குப் புத்தி எங்கே போயிற்று?

மறுநாள் அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கடையில் காஜா எடுக்க உட்காரவைக்கலாம் என்றிருக்கிறேன் என்றார். நான் சண்டைக்குப் போய்விட்டேன். இவள் கையில் சரக்கு இருக்கிறது, மியூசியத்தில் இடம் கிடைத்தால் எங்கேயோ போய்விடுவாள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பெரிய இடத்திலிருந்து எடுத்தார்கள் என்றால் மேலே படிக்கட்டும், இல்லையென்றால் கடைக்கு வரட்டும் என்று முடித்துக்கொண்டார். போகும்போது மகளைப் பார்த்து ஒரு தரம் சிரித்தார்.

அன்று சாயங்காலமே படத்தை டச் பண்ண உட்கார்ந்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. ரப்பரால் வாட்ச்மேனைத் தேய்த்து எடுத்தேன். ஸ்டூலையும் எடுத்தேன். அவள் அழுத்தியிருந்த அழுத்தத்துக்கு லேசில் போகவில்லை, கை வலித்தது. விலா எலும்புகளை அழித்து, சீராக வளைத்து, நிழல் கொடுத்தேன். தாடையை மூடினேன். இருட்டிக்கொண்டு வந்ததில் அந்தச் செருப்பை மட்டும் எடுக்க மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்து, படம் அனுப்பிய பிள்ளைகளைப் பெற்றோருடன் வரச்சொல்லியிருந்தார்கள். தையல்காரர் கடையை மூடிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நடுவராக இருந்தவர் வயதான ஓவியர். நான் படித்த காலத்திலேயே அவருக்குப் பெரிய பெயர். படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு, யார் வரைந்தது என்று கேட்டார்.

“நானே வரைஞ்சேன் சார்” என்றாள். நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில்.

அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பென்சிலையும் நகர்த்தி, கூடத்தில் போய் அதையே இன்னொரு தடவை வரைந்து கொண்டுவரச் சொன்னார். நானும் பின்னாலேயே போனேன். எனக்கு ஒரு நப்பாசை. இந்தப் பெண் தன் கையால் போட்டால் போதுமே, பிழைத்துக்கொள்வாளே என்று இருந்தது. ஆனால் அவள் தன் கையால் போடவில்லை. என்னுடைய சீரான வளைவுகளைப் போடப் பார்த்தாள். போட்டாள், அழித்தாள், போட்டாள், அழித்தாள். வாட்ச்மேன் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அரை மணி நேரம் கழித்துக் காகிதத்தில் அழுக்கும் இரண்டு கோடும்தான் மிச்சம்.

ஓவியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் படத்தின் மூலையில், அந்தச் செருப்பின்மேல் விரலை வைத்தார்.

“இது மட்டும்தான் இந்தப் பொண்ணு போட்டது. மத்ததெல்லாம் பெரியவங்க கை. முழுக்க இந்தச் செருப்பு மாதிரி இருந்திருந்தா நான் யோசிக்காம எடுத்திருப்பேன்.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்கதானே டீச்சர்? யாரு கை வச்சது?”

நான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். என் வகுப்பு, அந்தக் கடிதம், டீச்சர்ஸ் ரூம் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது.

“வீட்டுல யாராவது வச்சிருப்பாங்க சார்” என்றேன்.

நாக்கு கூசவில்லை. சரளமாக வந்தது. அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஓவியர், பொய் சொல்லக் கூடாதம்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

வெளியே வாசல் படியில் தையல்காரர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். வசமாக மாட்டினேன், கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தேவலை.

“எங்க வூட்ல கோடு போடறவன் நான் ஒருத்தன்தான் டீச்சர். அதுவும் துணிமேல, சாக்பீஸ்ல. யாரு கை வச்சாங்கன்னே புரியல. அவ்ளோ பெரியவங்க முன்னால உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டோம். மனசுல வச்சுக்காதீங்க.”

பரவாயில்லை என்று சொன்னேன். ஆமாம், அவரை மன்னித்தேன்! தாம்பரம் வரைக்கும் ஒரே பெட்டியில்தான் வந்தோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவர் எனக்கும் சேர்த்து வேர்க்கடலை வாங்கினார். அதை நான் தின்றேன்.

அடுத்த சனிக்கிழமை மியூசியத்துக்குப் போய் ஓவியரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். பிறகு அதற்கு அடுத்த சனிக்கிழமை. வகுப்பு ஆரம்பித்துவிட்டது. வேறு பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனேன். நாலு வருஷம் அங்கே சொல்லிக்கொடுத்தேன். ரவிக்கை தைக்க மார்க்கெட் பக்கம் போவதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷத்து முழுப் பரீட்சையில் டிராயிங்குக்கு ஒரு கத்தரிக்காயும் இரண்டு வெண்டைக்காயும் வைத்திருந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வாரம். எல்லோரும் குனிந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் காகிதம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். கோபமாக ஏதாவது சொன்னால் நன்றாயிருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவளிடம் கோபமே இல்லை. காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்து, பென்சிலை நீட்டினாள்.

“நீங்களே போட்டுக் குடுத்துடுங்க டீச்சர். நான் போட்டா கெட்டுப்போயிடும்.”

பழக்கதோஷம், என் கை நீண்டுவிட்டது. பென்சிலைத் தொட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.