இன்றைய சுண்ணாம்பு

என் குடியைப் பொறுக்காமல் மனைவி ஆழ்வார்திருநகரியிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வர வேண்டுமானால் நான் கள்ளை விட வேண்டும். பாளையங்கோட்டையில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனேன். மேடையிலிருந்தவர்கள் கள்ளை முகர்ந்தும் பார்க்காதவர்கள். ஆயுள் முழுவதும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். திரும்பும் வழியில் கள்ளுக்கடை இருந்தது. சத்தியம் அங்கேயே உடைந்தது.

பிறகு, குடியிலிருந்து மீண்டவர்கள் சிலர் ஒரு கருப்பட்டி மண்டியில் மாலைதோறும் கூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மண்டிக்காரரும் அவர்களில் ஒருவர். வாசலிலேயே நின்று, "அண்ணாச்சி, இனி என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றேன்.

"ஆரு வே கேட்டா? எங்க சத்தியமும் அதே கடையிலதான் ஒடஞ்சுது" என்றார் மண்டிக்காரர். உள்ளே சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பதநீர்க் கலயத்துக்குப் பனையேறி தினமும் சுண்ணாம்பு தடவுதாம்லா? ஒருநா விட்டா அது கள்ளு. நீரும் இன்னைக்குத் தடவும். நாளையை நாளைக்குப் பாப்போம். பைய உள்ள வாரும்."

கள்ளுக்கடை அடைக்கும்வரை அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன்.

பல மாதங்கள் கழித்து மனைவி வந்தாள். என்னை நம்புவதாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மாலையில் நான் புறப்படும்போது, "சுண்ணாம்பு தடவத்தான போறிய?" என்று மட்டும் கேட்பாள்.

"இன்னைக்குப் போறேன்" என்பேன். அதற்குமேல் சொல்ல எனக்கும் துணிவில்லை.