சூரிபாபுவின் மாப்பிள்ளை முறுக்கு

அம்பாஜிபேட்டை சந்தையில் தேங்காய் உரிக்கிற சூரிபாபுவுக்குக் கோபப்படத் தெரியாது. எங்கள் கோதாவரிப் பக்கத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வதற்கென்றே ஒரு கட்டில் போடுவார்கள். அதில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். மாமனார் கடிகாரமோ வண்டியோ தருவதாகச் சொன்ன பிறகுதான் சாப்பிட எழுந்திருக்க வேண்டும். இவனும் உட்கார்ந்தான். "என்ன வேணும் மாப்பிள்ளை?" என்று மாமனார் பேர்ராஜு கேட்டார். "இலை போட்டாச்சா மாமா?" என்றான். பந்தலே சிரித்தது. தோழனாகப் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மானம் போயிற்று.

மனைவி ரத்னகுமாரி மாசமாக இருந்தபோது, சுகாதார நிலையத்தில் அப்பாக்களுக்கு வகுப்பு என்று கேள்விப்பட்டு இவன் போனான். தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி ஆம்பளைகளுக்கு வகுப்பு. போனவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக் காற்றுக்காகப் போனவர்கள். இவன் மட்டும் மெய்யாகவே படித்தான். சந்தைக்கு வந்து உரித்த தேங்காயைக் கையில் ஏந்திக்கொண்டு, "கழுத்தையும் முதுகையும் சேத்துத் தாங்கணும்டா, தலைய மட்டும் புடிச்சு அமுக்கக் கூடாது" என்று எனக்குப் பாடம் எடுப்பான். கல்யாணமே ஆகாத எனக்கு. பிறகு தேங்காயைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பான். வியாபாரிகள் விலை பேசுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் முறைப்படி அம்மா வீட்டுக்குப் போனார்கள். இருபத்தோராம் நாள் தொட்டில் போடும்வரை அந்த அறைக்குள் ஆம்பளை கால் வைக்கக் கூடாது என்பது மாமியார் மங்காயம்மாவின் சட்டம். சூரிபாபு என் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு தினமும் போவான். உதவி செய்யப் போனவனை உட்காரவைத்து இலை போட்டுவிடுவார்கள். இறால் வறுவல், முந்திரிக் கோழி, பலாக்காய்ப் பொரியல், எண்ணெய்க் கத்தரிக்காய், கத்தியால் வெட்டுகிற மாதிரி எருமைத் தயிர். கூட வந்த பாவத்துக்கு எனக்கும் உண்டு. நான் பாவத்துக்கு அஞ்சுகிறவன் இல்லை.

கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் கொழுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். ஒரு கைப்பிடிப் பழைய அரிசிச் சோறு, காரப்பொடி, தொண்டை நனைகிற அளவுக்குத் தண்ணீர். அதற்கு மேல் குடித்தால் வயிறு பெருத்துவிடுமாம்.

ஒருநாள் மத்தியானம் நாங்கள் போனபோது குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஓயவே இல்லை.

"அவளுக்குப் பால் பத்தல. நாளைக்குக் காலையிலேருந்து எருமைப்பால்தான். ஊட்டுற பாலாடைச் சங்குகூடக் கழுவி வச்சாச்சு" என்றாள் மங்காயம்மா.

"வேணாம் அத்தை. குழந்தை வாய் நெறையக் கவ்வாம நுனியக் கடிச்சா பால் வராது, வலிதான் வரும். அவளும் நல்லா சாப்பிடணும், தண்ணி குடிக்கணும். நீங்க எருமைக்குத் தொட்டி நெறையத் தண்ணி காட்டுறீங்கல்ல?"

"எருமையும் எம் பொண்ணும் ஒண்ணா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. எருமைய நல்லாப் பாத்துக்கிறீங்க."

மங்காயம்மா இலை போட்டாள். சூரிபாபு இலையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். எழுந்துபோய்க் கூடத்துக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"உப்பு பத்தலையா?" என்றாள் மாமியார். பேர்ராஜுவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. "ஏய், மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாருடி" என்றார். என்னைத் தனியே இழுத்துப்போய், "எந்த வண்டி மேல கண்ணு தம்பி? இத்தன நாளா உன் பின்னாடி தொத்திக்கிட்டு வந்தாரு, எனக்குத்தான் ஒறைக்கல" என்றார்.

மாப்பிள்ளை எழுந்திருக்காமல் தோழன் இலையில் கை வைக்கக் கூடாது. இந்த முறையை ஏற்படுத்தியவன் இறாலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். நான் அவன் காதருகே குனிந்து, "கறுப்பு வண்டியாக் கேட்டு வாங்கிட்டு எழுந்திருடா" என்றேன். "வாய மூடு" என்றான். சின்ன வயதிலிருந்து பழகுகிறோம், அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏதோ கேட்க வந்தவர்கள்போல் வாசலில் கூடிவிட்டார்கள். பேர்ராஜுவுக்கு வியர்த்தது.

"கியர் வண்டியே தர்றேன் மாப்பிள்ளை. எழுந்திரிங்க."

"வண்டி வேணாம் மாமா."

"வேற என்னதான் வேணும்?"

"எனக்குப் போட்ட இலைய அப்படியே அவளுக்குக் குடுங்க. சொம்பு நெறையத் தண்ணியும். நான் உள்ள போகணும். எருமைப்பால் பேச்சே கூடாது."

"ஆம்பளைய உள்ள விட்டா ஊர் என்ன சொல்லும்?" என்றாள் மங்காயம்மா.

"மாப்பிள்ளையப் பட்டினி போட்டா மட்டும் பூ போடுமா?" என்றார் பேர்ராஜு. "வழிய விடுடி."

சூரிபாபு இலையையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் கூடத்திலேயே இருந்தேன். முதலில் கேட்டது மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம். "இன்னொரு சொம்பு" என்றாள் ரத்னகுமாரி. கொல்லையிலேயே கால்வாய் ஓடுகிற வீடு. அதில் ஒரு பெண் தாகத்தோடு கிடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது எனக்கு.

அப்புறம் அவன் குரல் கேட்டது. "முதுகுக்குத் தலகாணி வச்சுக்கோ. நீ குனியாத, அவள உங்கிட்டக் கொண்டு வா. வாயப் பெருசாத் தொறக்கட்டும். அவசரமில்ல. ம், இப்ப."

அழுகை நின்றது. மங்காயம்மா கதவோரம் காதை வைத்துக் கேட்டாள். குழந்தை விழுங்கும் சத்தம் விட்டு விட்டு வந்தது. "வலிக்கலைங்க" என்றாள் ரத்னகுமாரி.

மங்காயம்மா அப்படியே அறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு பெத்தேன். நாலையும் எருமைதான் வளத்துச்சு. என் ஒடம்புல பாலே இல்லன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "எனக்காக யாரும் ஒரு வேளைகூடச் சாப்பிடாம இருந்ததில்ல" என்றாள். குரலில் சூடே இல்லை. ரசத்துக்கு உப்புக் குறைவு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எல்லோருக்கும் மறுபடி இலை போட்டாள். நான் சாப்பிட்டேன். எத்தனை தடவை கூப்பிட்டும் பேர்ராஜு வரவில்லை.

"இப்ப உங்களுக்கு யார் மேல கோவம்?" என்றாள் மங்காயம்மா.

"எம் மேலதான்" என்றார்.