கேப்டன் சட்டையில் யெப்பே

கோபன்ஹேகனில் பதினோரு கேப்டன்களுக்கும் இரண்டு கர்னல்களுக்கும் ஒரே உடம்பு. அது யெப்பே தோரூப்பின் உடம்பு.

குதிரைமேல் கம்பீரமாக ஒரு படம் வேண்டும் என்று எல்லா அதிகாரிகளுக்கும் ஆசை. மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரத்தான் முடியாது. தங்கள் பட்டாளச் சட்டையை மட்டும் அனுப்பிவைப்பார்கள். ஓவியர் பாலே ஒரு மரத்தாங்கியில் சேணத்தைக் கட்டுவார். யெப்பே அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்காருவார். குதிரையைத் தனியாக லாயத்தில் வரைவார்கள். முகத்துக்கு உரியவர் கடைசியில் ஒருநாள் வந்துபோவார். பட்டாளத்தில் இருபத்தாறு வருஷம் வெறும் சிப்பாயாகவே இருந்த யெப்பேவுக்கு, வெளியே வந்த பிறகுதான் பதவி உயர்வு.

வரையும்போது பேசக் கூடாது. அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. ஆகவே வாய்க்கு இரண்டு இடத்திலும் ஒரே வேலை.

ஈஸ்டருக்குச் சொந்த ஊர்ப்பக்கமான யூட்லாந்திலிருந்து தங்கை மாரன், யாரையோ எழுதச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். 'அண்ணா, முப்பத்தோரு வருஷமாச்சு. உன் குரல் ஞாபகமிருக்கு, முகம் வரமாட்டேங்குது.' உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்.

அப்போது பாலே வரைந்துகொண்டிருந்தது கேப்டன் ஹார்போவின் படம்; அந்த வாரம் அவரைத் தூரத்து ஹோல்ஸ்டைனுக்கு மாற்றிவிட்டார்கள். முகம் கொடுக்காமலே போய்விட்டார். பென்சில் படத்தில் கழுத்துக்கு மேலே வெறும் முட்டை வடிவம்.

"ஐயா, அதுல என் முகத்தைப் போட்டுத் தருவீங்களா? தங்கச்சிக்கு அனுப்பணும்."

பாலே சிரித்தார். "உனக்கு முகம் வேற இருக்கா? நாலு வருஷமா நான் பாக்கவே இல்லையே! சரி, ஏறு. மீசை ஒண்ணு வெச்சு விடட்டுமா?"

"வேண்டாங்கய்யா. அவளுக்கு அடையாளம் தெரியணும்."

கன்னத்துத் தழும்பைக்கூட விடாமல் வரைந்தார் பாலே. அச்சு அசல் யெப்பே. சட்டையைப் பற்றி இருவருக்குமே தோன்றவில்லை. வருஷக்கணக்கில் பார்த்த சட்டை.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'படம் வந்துச்சு அண்ணா. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம். ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. உன் கேப்டன் ரொம்ப நல்லவர் மாதிரி இருக்கார். உன் படம் எப்போ வரும்?'

மரத்தாங்கியில் உட்கார்ந்தபடியே யெப்பே அதை இரண்டு முறை படித்தார். இறங்கி, பாலேயின் மேசையில் பேனாவை எடுத்தார். அது நான்தான் என்று எழுதினால், இத்தனை பேர் முன்னால் அண்ணனைத் தெரியவில்லையே என்று குறுகிப்போவாள்.

'நல்ல மனுஷர்தான்,' என்று எழுதினார். 'அதிகம் பேசமாட்டார்.'