கடைக்குள் நெடுநேரம் நின்றவர்

செவ்வாய்க்கிழமை காலை மைக்கல் அண்ணனின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா விடிய வெள்ளென மோசம் போயிட்டார் அங்கிள்" என்று மரணச் செய்தியைச் சொன்னார். நான் உடனே எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பக்கத்தில் யார் இருந்தார்கள், வைத்தியர் வந்து பார்த்தாரா என்றும் கேட்டேன். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. தொலைபேசியை வைத்த பிறகுதான், அவருடைய சாவைக்கூட நான் சந்தேகப்பட்டு விசாரித்திருக்கிறேன் என்று உறைத்தது.

தொண்ணூறுகளில் எங்கள் பத்திரிகையின் மட்டக்களப்பு அலுவலகத்தில் அவர் புகைப்படக்காரர், நான் நிருபர். வெளியூர்ப் பயணங்களில் நாங்கள் மூவர். மூன்றாமவர் வான் ஓட்டிய யோகன். மைக்கல் அண்ணனோடு பழகியவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கதையை நான் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது.

எந்த ஊரில் வான் நின்றாலும் அவர் முதலில் தேடுவது பலசரக்குக் கடையைத்தான். பிஸ்கட்டையும் சோடாவையும் திரும்பியும் பார்க்க மாட்டார். உள்ளே போய், பின்சுவரின் ஆணியில் தொங்குவதையும் மூலையில் திறந்து கிடக்கும் சாக்கையும் பார்ப்பார். "சவர்க்காரம் எல்லா ஊரிலயும் ஒண்டுதான் தம்பி. லேபல் ஒட்டாத சாமானிலதான் அந்த ஊர் இருக்கு" என்பார்.

கதிரவெளியில் ஒரு கடையில் போத்தல் ஒன்றைக் கண்டார். தேனுக்குள் கறுப்பாய் நீள நீளமாக ஏதோ கிடந்தது.

"இது என்ன?"

"இறைச்சி," என்றார் கடைக்காரர்.

"என்ன இறைச்சி?"

"காஞ்ச இறைச்சி."

"எதிட இறைச்சி எண்டு கேட்டன்."

"காட்டிட."

"ஆர் கொண்டாந்து தாறது?"

கடைக்காரர் போத்தலை எடுத்துப் பலகைக்குக் கீழே வைத்தார். "அது விக்கிறதுக்கில்ல. நீங்க வெளிக்கிடுங்க."

மைக்கல் அண்ணன் அசையவில்லை. கமராப் பையைத் தரையில் வைத்துவிட்டு, தேனில் எத்தனை நாள் ஊற வேண்டும், நேரே தின்பதா கறி வைப்பதா என்று கேட்டுக்கொண்டே நின்றார். இருபத்தைந்து நிமிடம். வெளியே நின்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு துண்டு வாழையிலையில் வந்தது. வானுக்குள் அதை மூன்றாகப் பிய்த்தார். யோகன் வாங்கித் தின்றான். நான் வேண்டாம் என்றேன்.

அந்த நாள்களில் ஊருக்குப் புதிய ஒருவர் கடைக்குள் இருபத்தைந்து நிமிடம் நிற்பது சின்ன விஷயமல்ல. யார் செய்தது, யார் கொண்டுவந்தது, எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்பது அதைவிடப் பெரிய விஷயம். முகமூடிக்குள் இருந்து தலையை அசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்றோம். தலையாட்டி யார் என்று தெரியாததால், எல்லோரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம். நான் மைக்கல் அண்ணனையும் அப்படித்தான் பார்த்தேன். எனக்கு அது தொழிலோடு வந்த குணம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் வந்தாறுமூலையில் அவர் படம் எடுக்க இறங்கியபோது, அவர் குறிப்பெழுதும் சின்னக் கொப்பி இருக்கையில் கிடந்தது. திறந்தேன். "கிரான். மூன்று வீடு. வெள்ளிக்கிழமை காலை. நடு வீடு திறம்" என்று ஒரு பக்கம். "கதிரவெளி. புதிது இரண்டு. பழையது இல்லை. ஆள் வாய் திறந்து பறையான்" என்று இன்னொரு பக்கம். சாமான்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவருக்கு அவை தேவைப்படவில்லை, தின்றவருக்கு நினைவிருக்கும். எனக்கோ அது ஆட்களைப் பற்றிய கணக்காகப் பட்டது. இருந்த இடத்திலேயே கொப்பியை வைத்துவிட்டு, யோகனிடம் மழை வருமா என்று கேட்டேன்.

அடுத்த பயணம் கிரான். கண்மணியக்காவின் கடையில் ஒரு சாக்கு நிறையக் கொட்டிக் கிழங்கு கிடந்தது. குளம் வற்றும்போது சேற்றைக் கிண்டி எடுக்கிற சிறு கிழங்கு. மைக்கல் அண்ணன் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எந்தக் குளம், தோண்டினது யார், அவர்களுடைய வீடு எந்தப் பக்கம் என்று வழக்கம்போல் கேட்டார். பிறகு பின்பக்கச் சாக்கைப் பார்க்கப் போனார். கண்மணியக்கா என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இந்த மனுசன் ஆரு?"

"எங்கட படக்காரர்."

"படம் எடுக்கிற ஆளுக்கு ஊராக்கள்ர வீடு என்னத்துக்கு?"

அவருடன் நான்கு ஆண்டுகள் ஒரே வானில் போயிருந்தேன். அவருடைய மனைவி கட்டித்தந்த சோற்றைச் சாப்பிட்டிருந்தேன். நான் சொன்ன பதில் இது: "எனக்கும் சரியாத் தெரியா அக்கா. கவனமாப் பறையுங்க."

அதற்குப் பத்தாம் நாள் மைக்கல் அண்ணனை விசாரிக்கவென்று கூட்டிப்போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எழுதி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது எல்லாப் பக்கமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டன. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததைப் பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கொப்பியை விரித்து, மூன்று வீடென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"மூணு வீட்டில எருமைத் தயிர் போடுறாங்க. நடு வீட்டுத் தயிர்தான் திறம்."

"தயிருக்கா கொப்பி?"

"மறுகா வேற என்னத்துக்கு?"

நம்பவில்லை. மூன்று கடதாசிச் சரைகளில் கூனி, அதாவது பொடி இறாலைக் காய வைத்தது, கொண்டுவந்து வைத்து, எது எந்த ஊர் என்று சொல்லச் சொன்னார்களாம். முதலாவதை வாயில் போட்டு, "மணல் கடிபடுது. கதிரவெளிப் பக்கம்" என்றார். இரண்டாவதற்கு, "உப்புக் காணாது. வாவியில பிடிச்சது" என்றார். மூன்றாவதை மணந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். "இது உங்கட குசினியில கிடந்தது. எலி ஓடியிருக்கு." விசாரித்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்புத்தான் தன்னை வெளியே விட்டது என்பார்.

அவர் சொன்னதைக் கேட்டபோதும் நான் முழுதாக நம்பவில்லை. இவ்வளவு சுலபமாக யாரை விட்டார்கள் என்று யோசித்தேன். என்னுடைய அன்றைய மனம் அப்படித்தான் இருந்தது.

அலுவலகம் காட்டிக்கொடுத்தவனைத் தேடியது. ஒவ்வொரு கடையும் தெரிந்தவன், வெளியே காத்திருந்தவன் யோகன். யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. வான் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அறையில் நானும் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கிரானுக்குப் போனோம். வேறு சாரதி. மைக்கல் அண்ணன் நேரே அதே கடைக்குள் போனார். நான் பின்னால் போனேன். கண்மணியக்கா நிமிரவில்லை.

"அக்கா, அந்தக் கிழங்கு நல்லாக் கசந்திச்சு. என்ன பிழை விட்டன்?"

"தண்ணி மாத்தி அவிக்கணும்," என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "நான் எங்கட அண்ணனிட்ட மட்டுந்தான் சொன்னன் ஐயா. அது இப்படிப் போகுமெண்டு..." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மைக்கல் அண்ணன் அவருடைய பார்வை போன திசையைப் பார்த்தார். பிறகு, "எத்தின தரம் மாத்தணும்?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி வரிசையில் நின்றபோதுதான் பேசினார். "உங்களுக்குப் பயம். எனக்குப் பசி. ரெண்டையும் ஒரே வானில ஏத்தினது பிழை தம்பி." குரலில் கோபம் இல்லை. வரிசை நகர்ந்ததும், "யோகனத் திருப்பி எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா இரக்கத்தில சொல்றன் எண்டுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் வேண்டும். யுத்தம் முடிந்து பயப்படக் காரணம் இல்லாமல் போன பிறகும் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. எங்கே போய் வந்தாலும் எனக்கொரு பொட்டலம் கொண்டுவந்து தந்தார். அதை ஏன் தருகிறார் என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டேன். அவர் இருக்கும்வரை அந்தச் சந்தேகத்தை அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமை அடக்கத்துக்கு யோகன் வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வளவுக்குள் வராமல் கேற்றுக்கு வெளியே நின்றான். எங்கள் பழைய அலுவலகத்தார் ஏழெட்டுப் பேர் கதிரைகளில் இருந்தோம். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "செய்யிறதையும் செய்துபோட்டு வந்து நிக்கிறான் பாருங்க." நான் எழும்பிப் போய் யோகனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து என் கதிரையில் இருத்தினேன். எல்லோரும் என்னைப் பெருந்தன்மையானவன் என்று நினைத்திருப்பார்கள். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

மைக்கல் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் ஒப்படைத்த அந்த ஒரு வேலைதான். கிரான் கடையில் அந்த வார்த்தையைச் சொன்னது யோகன் அல்ல. நான்.