நேத்து வந்திருந்தா

காட்டுப் பாதையின் வளைவில் வழிகாட்டி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து நிற்கிறார். பின்னால் வரிசையாக வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்து பார்க்கிறார். "ஷ்... யாரும் மூச்சு விடாதீங்க. இங்கதான் இருக்கு." எது இருக்கிறது என்று சொல்வதில்லை. மழைக்கோட்டுக்குள் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, கையை மெல்ல இறக்கித் துக்கம் விசாரிக்கும் குரலில் முடிக்கிறார். "போயிடுச்சு சார். நேத்து வந்திருந்தா பாத்திருப்பீங்க."

ஊர் ஜீப் டிரைவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் நேத்து அண்ணன். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவரும் ஏதோ பட்டம் கிடைத்தது போலத் தலையை ஆட்டிக்கொள்கிறார். காட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போய் அழைத்து வருவது தொழில். அழைத்து வருவதில் குறை சொல்ல முடியாது.

நான் அந்த மலையூருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே இவரோடு காட்டுக்குள் போனேன். வேறு வேலை இல்லாத குற்றத்துக்காக மறுநாளும் போனேன். அதே வளைவு, அதே கை, அதே மூக்கு. தப்பித்துப் போன மிருகம் மட்டும்தான் வேறு. குழந்தைகளோடு வந்தவர்களுக்கு முதல் நாள் யானை போயிருந்தது. புதிதாகக் கல்யாணம் ஆன தம்பதிக்கு மறுநாள் மான் போனது, அதுவும் ஜோடியாக. பாதையில் கிடந்த சாணத்தின் மேல் உள்ளங்கையைக் காட்டி, "இன்னும் சூடு ஆறல பாருங்க, காட்டெருமை" என்றார். பால்காரரின் பசு அந்த வழியாகத்தான் தினமும் மேயப் போகிறது. அதற்கு ஒரு கொம்புதான். தன்னைக் காட்டெருமை என்று சொன்னதைக் கேட்டிருந்தால் அதுவே சிரித்திருக்கும்.

ஊரும் இவருக்கு ஏற்ற ஊர்தான். மலைச்சரிவில் ஒரே ஒரு கடைத்தெரு. மழைக்காடு சலூன், மழைக்காடு செல்போன் ரிப்பேர், மழைக்காடு பஞ்சர் கடை. காடு என்னவோ கடைத்தெரு முடிகிற இடத்தில் பெரிய பச்சைச் சுவராக எழுந்து நிற்கிறது, ஆனால் அதை நிமிர்ந்து பார்க்கிறவர் யாரும் இல்லை. அதைப் பார்க்க வந்தவர்கள் குளிருக்குப் பயந்து லாட்ஜ் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குப் புலியே தேவையில்லை. புலியை ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் தவற விட்டோம் என்று ஆபீசில் போய்ச் சொல்ல ஒரு சாக்கு வேண்டும். அதை நேத்து அண்ணன் தாராளமாகக் கொடுத்து அனுப்புகிறார்.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. நான் தங்கிய லாட்ஜில் சமையல் அந்த அம்மாள்தான். "அவரு ஜவுளிக்கடையில இருந்தவரு சார். கீழ டவுன்ல, அவங்க அண்ணன் கடை. கேட்ட கலர் இல்லன்னா, நேத்துதான்மா போச்சு, நேத்து வந்திருந்தா குடுத்திருப்பேன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டாரு." அதன் பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரப்பட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்து, "நல்ல கெட்டி சார், எத்தனை மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது" என்பார். மரத்தின் பெயரைக் கேட்டால் மூலிகை. எந்த மரமும் மூலிகை. எதற்கு மருந்து என்றால், "எல்லாத்துக்கும்தான்."

கடையின் உயர்ந்த சரக்கு இருவாச்சிப் பறவை. அந்தக் காட்டின் பெருமையே அதுதான் என்று ஊருக்குள் நுழையும் இடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். இவர் அதை முழத்தால் அளந்து காட்டுவார். "அலகு மட்டும் ஒரு முழம். ரெக்கைய விரிச்சா நாலு முழத்துக்குக் குறையாது." நான் கூடப் போன இரண்டு நாளும் அது முந்தைய நாள்தான் வந்துவிட்டுப் போயிருந்தது.

எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. பொய் சொல்கிறவர் கொஞ்சம் சிரமப்பட்டுச் சொல்ல வேண்டாமா? காலடியில் ஒரு காடே கிடக்கும்போது, அதில் ஒரு இலையின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாத அந்த அலட்சியம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஊரில் இரண்டு வகை அட்டைகள் உண்டு. ஒன்று வருகிறவர்களின் காலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். மற்றது வழிகாட்டிகளின் கழுத்தில் தொங்கும். இரண்டாவது வகையை ஒழிக்கப் புதிதாக ஒரு பெண் வனத்துறை அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொரு வழிகாட்டியோடும் தானே காட்டுக்குள் நடந்து பார்ப்பேன், காடு தெரியாதவர் அட்டையைக் கொடுத்துவிட வேண்டும் என்று அறிவித்துவிட்டார். இவருடைய முறை வருவதற்கு முந்தைய நாள் அடைமழை. யாரும் வெளியே தலைகாட்டவில்லை. நேத்து அண்ணன் பகல் முழுவதும் லாட்ஜ் வராந்தாவில் கேரம் ஆடினார். சிவப்புக் காயைப் போட்டுவிட்டதாக இரண்டு தடவை பொய் சொன்னார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை என்று புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். காடு பார்க்க வந்தவர்களும் கூட வரலாம் என்று அதிகாரி சொல்லியிருந்ததால் நானும் கிளம்பினேன். சமையலறை வாசலில் அவர் மனைவி என்னை மறித்தாள்.

"சார், அந்த அட்டை போச்சுன்னா மறுபடியும் அவங்க அண்ணன் கடைதான். கஸ்டமருங்க முன்னாடியே அவர டேய்னு கூப்பிடுவாரு சார். இவரும் சிரிச்சுக்கிட்டே துணிய உதறிக்கிட்டு நிப்பாரு. என்னால அத இன்னொரு தடவ பாக்க முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு உளற ஆரம்பிச்சா நீங்க கொஞ்சம் இருமுங்க சார்" என்றாள்.

இருமுவதாக ஒப்புக்கொண்டேன். அவளுக்காகத்தான்.

வளைவு வந்தது. கை உயர்ந்தது. "ஷ்" என்றார். "என்ன இருக்கு?" என்று அதிகாரி கேட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கை தானாக இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் பெரிய மரம் ஒன்றைக் காட்டி, அது என்ன மரம் என்றார் அதிகாரி.

"மூலிகை மேடம்."

"இதுல இருவாச்சி பழம் தின்ன வரும். அதையாவது பாத்திருக்கீங்களா? கடைசியா எப்ப பாத்தீங்க?"

நான் இருமினேன். மார்பு வலிக்க இருமினேன். அவர் என் பக்கம் திரும்பிக் கரிசனத்தோடு, "சாருக்குக் குளிர் ஒத்துக்கல போல. இந்தப் பட்டையக் கொஞ்சம் கொதிக்க வச்சுக் குடிங்க, உடனே கேக்கும்" என்றார். பிறகு அதிகாரியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"நேத்துகூட பாத்தேன் மேடம். இதே மரம். ஜோடியா."

அதிகாரி கோபப்படவில்லை. "நேத்து ரோட்டுல மரம் விழுந்துச்சுன்னு காட்டுக்குள்ள போற கேட்டை நானே பூட்டினேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

"அப்ப... முந்தாநேத்து மேடம்."

"ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க."

மரப்பட்டையை விரல்களுக்கு நடுவில் வைத்து நெருடினார். இத்தனை வருஷமாக அந்த மனிதருக்குச் சோறு போட்ட ஒரு சொல்லை அந்தப் பெண் இரண்டே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பரம திருப்தியாக இருந்தது. சமையலறை வாசலில் நின்ற முகம் நினைவுக்கு வந்து அந்தத் திருப்தியைக் கொஞ்சம் கெடுத்தது.

"அட்டையக் குடுங்க" என்று அதிகாரி கையை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரிய பாயை ஓங்கி ஓங்கி உதறுவது போன்ற சத்தம். மரங்களின் உச்சியைத் தாண்டிக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு பெரிய பறவைகள் வந்து, அந்த மரத்தின் உயர்ந்த கிளையில் கிளை தாழும்படி உட்கார்ந்தன. மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்து வைத்த இன்னொரு அலகு. ஒன்று பழத்தைப் பறித்து மேலே எறிந்து வாயில் பிடித்தது. மற்றது கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. யாரும் யாரையும் ஷ் என்று அடக்க வேண்டியிருக்கவில்லை.

என் முழங்கையை ஒரு கை பற்றியது.

"சார்" என்றார், காதோடு காதாக. "அதுதானா அது?"

"அதுதான்" என்றேன். என்னிடம் தயாராக இருந்த கேலிகளில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

என் முழங்கையை விட்டுவிட்டார். அண்ணாந்த தலையை இறக்காமல், கழுத்து நாடாவைத் தலை வழியாகக் கழற்றினார். காதில் சிக்கியது. பார்க்காமலே இழுத்து விடுவித்துக்கொண்டு, அட்டையை நீட்டினார். அதிகாரி நின்றது அவருடைய வலப்பக்கம். அவர் நீட்டியது இடப்பக்கம், ஈரப் புதர்களைத் தவிர வேறு யாரும் இல்லாத திசையில்.