கரைவலையில் வந்த துப்பாக்கியும் மகளின் நிக்காஹும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்தேன். துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் கதை வருவதே பயமாக இருந்தது. ஆனால் இப்போது சம்பந்தி வீட்டார் நான் வலையில் பீரங்கி பிடித்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். ஆகவே பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். ஒரு வியாழக்கிழமை காலை, ஆலங்குடாக் கரையில் என் கரைவலையை இழுத்தோம். மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மூத்த மகளின் நிக்காஹ். வலையின் மடியில் மீனோடு சிப்பி ஒட்டிய துருக்கட்டி ஒன்று வந்தது. தட்டிப் பார்த்தால் கைத்துப்பாக்கி!

வலையில் வருவதில் பாதி வலைக்காரனான எனக்கு, மீதி இழுப்பவர்களுக்கு. ஒரு சூடை மீன் குறைந்தாலும் சண்டைக்கு வருகிறவர்கள், அன்று கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"காக்கா, பாதிப் பங்கு எப்பிடியும் உங்கட. மத்தப் பாதியயும் நாங்க உங்களுக்கே உட்டுத்தந்து ஹலாலாக்கிட்டம்."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கல்யாணக் கறிக்கு ஊறவைத்த புளியில் கொஞ்சம் எடுத்து, குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் தேய்த்தாள். என் மச்சான் பக்கத்தில் குந்தியிருந்து ஆராய்ந்தார். எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: எந்தச் சண்டைச் சாமான்? வெள்ளைக்காரன் காலத்தது என்றால் தப்பினேன். எங்கள் யுத்தத்தது என்றால் விசாரணை என்று என்னை வைத்துக்கொள்வார்கள். தகப்பன் பெண்ணின் பொறுப்பாளராக, 'வலி'யாக இருந்து சம்மதம் கொடுக்காமல் நிக்காஹ் எப்படி நடக்கும்?

"வெள்ளக்காரன்ட சாமான்தான்," என்றார் மச்சான். "ஜப்பான்காரனோட சண்ட புடிக்கக்குள்ள விழுந்திரிக்கும்."

"வாய்க்குள்ள என்ட பெருவிரலே போகுதே," என்றாள் மனைவி. "இதால என்னத்தச் சுட்ட, யானையயா?"

"திரும்பக் கடல்ல போட்டுட்டு வாங்க மச்சான்," என்று அவர் என்னிடம் சொன்னார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மௌலவியிடம் போனேன். கண்டெடுத்த பொருளை மறைக்கக்கூடாது, அறிவிக்க வேண்டும் என்றார்.

மச்சான் தலையில் கையை வைத்தார். "பள்ளி ஸ்பீக்கர்லயா அறிவிக்கிற? 'ஒரு பிஸ்டல் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்' எண்டா?"

வெள்ளி ஜும்மா தொழுதுவிட்டு, கல்யாணத்துக்கு வந்த மஸ்கட் இனிப்புப் பெட்டியொன்றில் அதை வைத்துக்கொண்டு கடற்படை முகாமுக்குப் போனேன். அங்கே இருந்த சிங்கள அதிகாரி பெட்டியைத் திறந்ததும் முதலில் சிரித்தார், மஸ்கட் என்று நினைத்து. பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதலாளி, இது ஆள் சுடுற இல்ல. வெளிச்சம் சுடுற. கடல்ல ஆபத்து வந்தா மேல சுடுற, சிவப்பா எரியும்."

"வெள்ளக்காரன்ட காலத்துச் சாமானா சேர்?"

புளி துலக்கிய இடத்தில் தெரிந்த எழுத்தைக் காட்டினார். "இல்ல, புதுசு. நம்ம சண்டைதான்."

வாக்குமூலம் எழுத வேண்டும், மேலதிகாரி வந்துதான் கையெழுத்து வைப்பார் என்று கதிரை போட்டார். இருந்தேன். அஸர் பாங்கு கேட்டது. அங்கேயே ஒரு மூலையில் தொழுது, இந்தப் பிள்ளையின் காரியத்தை நீயே முடித்துத் தா என்று அல்லாஹ்விடம் அழுதேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால் வாசலில் சத்தம். மச்சானும் வலை இழுக்கிற கூட்டமும்.

"சேர், மாப்பிள்ள வந்திட்டாரு, மௌலவி வந்திட்டாரு, பொண்ணுட வாப்பாவத்தான் காணல்ல!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "மகள் கல்யாணம் இன்டைக்கா? ஏன் சொல்ல இல்ல? பேப்பர் நாளைக்கு எழுதலாம். போங்க, போங்க."

அல்ஹம்துலில்லாஹ். ஓடினோம். வழியில் விஷயத்தைச் சொன்னேன். வலை இழுக்கிறவன் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"வெறும் வெளிச்சந்தானா? அப்ப காக்கா, அதுல எங்கட பங்கு?"

"ஹலாலாக்கினத்தத் திருப்பி எடுக்கேலாது," என்றேன்.

நிக்காஹ் முடிந்ததும், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் ஒன்றை முகாமுக்கு அனுப்பினேன். தட்டம் துலக்கித் திரும்பி வந்தது.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அது பீரங்கி அல்ல, வெளிச்சம் சுடுகிற சாமான். வாய் பெருவிரல் அளவுதான். அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் யாருக்கும் ஹலாலாக்கவில்லை.